மண் இளகுவதற்கு முன்

பயந்த சுபாவக்காரருக்கென்று உலகத்தில் ஒரு வேலை இருக்குமானால், அது நான் பார்த்த வேலைதான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பை அணைத்தேனா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு நெஞ்சு இடிக்கும். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். அலுவலகத்தில் இதற்காகவே சம்பளம் தந்தார்கள்.

மொன்ட்ரியாலில் ஐரிஷ் குடும்பங்களுக்கு வம்சாவழி தேடிக் கொடுக்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. கால்வாய் வெட்டவும் தண்டவாளம் போடவும் மூட்டை தூக்கவும் கப்பலில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பெரிய வீட்டுக்காரரின் பரம்பரையை யாரும் தேட வேண்டியதில்லை, அது சுவரில் படமாகத் தொங்கும். கூலிக்காரரின் பரம்பரையைத்தான் கத்தோலிக்கக் கோயில் பதிவுகளில் வரி வரியாகப் பொறுக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்றபின் அங்கே சேர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்.

"அன்ரி, இப்ப பேரை அடிச்சா முழுக் குடும்பமும் திரையிலை வந்து விழுது. நீங்கள் ஒரு ஆளைத் தேட ஏன் மாசக்கணக்கா மினக்கெட்டனீங்கள்?"

"வந்து விழுற ஆள் அந்த ஆள்தானோ எண்டு பயந்துதான், பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்று அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். அகதியாக வந்து மொன்ட்ரியால்-நோரில் குடியேறி, முதலில் ஒரு கன்னியர் மடத்தில் தரை துடைத்தேன், மாலையில் பிரெஞ்சு படித்தேன். பழைய பதிவுகளின் பூசை லத்தீனும் சாய்ந்த கையெழுத்தும் எனக்குப் பிடிபடுகிறது என்று கண்ட மடத்துத் தலைவி என்னை இந்த அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருட்டறையில், பதிவுகளைப் படச்சுருளாகக் காட்டும் நுண்படக் கருவியின் பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் போனது.

என் மேலதிகாரி மதாம் லவீஞ். மெலிந்த உடம்பு. கோடையிலும் தோளில் ஒரு கம்பளிச் சட்டை கிடக்கும். அலுவலகத்துக்குள் பேனா கொண்டுபோக விடமாட்டார், பென்சில் மட்டும்தான். நாம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக்கொண்டு போனால், தலையை நிமிர்த்தாமல், "இருக்கலாம்" என்பார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து பாராட்டு வந்ததை நான் கேட்டதில்லை.

அவருடைய முறை இதுதான். எழுதியிருப்பதை எழுது, நீ நினைப்பதை எழுதாதே. தகப்பன் பெயரை நம்பாதே. மைக்கேலும் பற்றிக்கும் தெருவுக்குத் தெரு உண்டு. தாயின் கன்னிப் பெயரைப் பார். கியூபெக்கில் பெண்ணைச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிவார்கள், அதுவே நமக்குப் பிடி. பிறகு ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தாய், ஞானத்தகப்பனைப் பார். பிறகு தொழிலையும் தெருவையும் பார். எல்லாம் பொருந்தினால்தான் கையெழுத்து. "பிழையான பாட்டனைக் கொடுப்பதைவிட, பாட்டனே இல்லை என்று சொல்லி அனுப்புவது மேல்" என்பார்.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்கு இரண்டாம் வருடத்தில் விளங்கியது. என் பக்கத்து மேசைக்காரர் ஒருவர், பாஸ்டனிலிருந்து வந்த ஒரு மனிதருக்கு அவசரத்தில் வேறொரு குடும்பத்தின் தகப்பனைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் ஊருக்குப் போகுமுன் மயானத்தில் பெரிய கருங்கல் ஒன்று நாட்டி, தன் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் வெட்டிவைத்துவிட்டார். பிழை தெரிந்தபோது மதாம் தானே ரயில் ஏறி பாஸ்டனுக்குப் போய் நேரில் சொன்னார். அந்த ஆள் கதவைச் சாத்திவிட்டாராம். கல் இன்னும் நிற்கிறது. அன்றிலிருந்து கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு பதிவையும் திரும்ப எடுத்துப் பார்ப்பேன்.

இவ்வளவும் சொன்னது மொரீனைப் பற்றிச் சொல்லத்தான்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. கடும் குளிர். சப்பாத்தில் உப்பும் பனிச்சேறுமாக ஒரு பெண் உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். வெர்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைப்பவர். கதிரையில் இருக்காமல் நின்றபடியே கதைத்தார். ஆங்கிலத்தில்தான் கதைத்தார், ஆனால் அவருடைய கதை என் காதில் எங்களூர்த் தமிழாகவே விழும். அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா செத்துக் கிழமை ஒண்டாச்சு. இன்னும் அடக்கம் பண்ணேல்லை. மலை மயானத்துப் பிணவறையிலை வைச்சிருக்கு."

நம்மவருக்கு இது புதிதாக இருக்கும். இங்கே குளிர்காலத்தில் மண் கல்லாகிவிடும். அந்த மயானத்தின் பழைய பகுதியில் யந்திரம் நுழைய இடமில்லை, கையால்தான் தோண்ட வேண்டும். அதனால் மாரியில் செத்தவர்களின் பெட்டிகளை அந்தப் பிணவறைக்குள் அடுக்கி வைத்து, வசந்தத்தில் மண் இளகியதும் புதைப்பார்கள்.

மொரீனின் தாய் ஐலீன் கேட்டது ஒன்றே ஒன்று. மலையில் உள்ள பிரென்னன் குடும்பக் குழியில் தன்னை வைக்க வேண்டும். ஒவ்வொரு நவம்பரும் போய் இலை கூட்டி, மெழுகுதிரி கொளுத்தி வந்த குழி அது. மயானத்தார் பணிவாகத்தான் சொல்லியிருந்தார்கள். குழி மைக்கேல் பிரென்னன் என்ற கூலித் தொழிலாளியின் பெயரில் இருக்கிறது. ஐலீன் அவருடைய வழியில் வந்தவர் என்று அத்தாட்சி கொண்டுவந்தால் திறப்போம். மண் இளகியதும் பிணவறையைக் காலியாக்க வேண்டும், அதற்குமுன் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார்கள்.

"கொண்டுவராட்டி?" என்றேன்.

"எங்கையோ தொலைவிலை ஒரு பொதுக் குழி." மொரீன் அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார். "நாலு தலைமுறையா இந்த ஊரிலை வாடகை வீட்டிலைதான் இருக்கிறம். எங்களுக்கெண்டு இருக்கிற காணி அந்தக் குழி மட்டுந்தான். அம்மா அதை 'எங்கடை இடம்' எண்டுதான் சொல்லுவா. எங்கடை இல்லையெண்டு ஆகிடுமோ?"

குடும்பத்தில் சொல்லிவந்த கதை சுருக்கமானது. மைக்கேலின் மகள் கேதரின். கேதரினின் மகள் ஐலீன். கேதரின், ரயில் பட்டறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் கெர் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைப் புரொட்டஸ்தாந்துக் கோயிலில் கட்டியவர். அந்தக் கோயிலின் கலியாணப் பதிவைப் பார்த்தேன். மணமகளின் தாய் தகப்பன் பெயர் அங்கே இல்லை. எழுதுவது அவர்கள் வழக்கமில்லை. ஆகவே கேதரின் மைக்கேலின் மகள்தான் என்பதை ஞானஸ்நானத்தில் பிடிக்க வேண்டும்.

ஐரிஷ்காரரின் பங்குக் கோயில் பதிவில் மைக்கேல் பிரென்னன், மனைவி ஹொனோரா, மகள் கேதரின், எல்லாம் சுளையாகக் கிடைத்தது. சந்தோஷத்தில் படத்தைச் சுற்றிக்கொண்டே போனேன். அடுத்த ஆவணியில் அதே கையெழுத்து: கேதரின், மைக்கேல் ஹொனோராவின் மகள், ஒரு வயதும் ஆகாத குழந்தை, அடக்கம் செய்யப்பட்டது. அதுவும் அதே குழியில்.

குழந்தையிலேயே செத்த கேதரின் எப்படி ஐலீனைப் பெற்றிருக்க முடியும்?

செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து ஐரிஷ்காரரின் வழக்கம். எங்கள் பக்கத்தில் அப்படி வைக்க மனம் ஒப்பாது. முதன்முதல் கண்டபோது எனக்கு உடம்பு கூசியது, பிறகு பழகிவிட்டது. எனவே இரண்டாவது கேதரின் ஒருத்தி இருப்பாள் என்று அந்தப் பங்கின் பதிவு முழுவதும் தேடினேன். இல்லை. குடிசன மதிப்பு என்னும் மக்கள் கணக்கெடுப்பில் ஒரு மைக்கேல் பிரென்னன் வீட்டில் ஒரு கேதரின் இருந்தாள். ஆனால் அந்த வட்டாரத்தில் மைக்கேல் பிரென்னன்கள் பலர், மதிப்பில் தாயின் கன்னிப் பெயரும் இல்லை.

கண்டதை வாடிக்கையாளரிடம் மறைக்கக்கூடாது என்பது மதாமின் கட்டளை. மொரீனை வரவழைத்துச் சொன்னேன்.

"அப்ப என்ர அம்மாவைப் பெத்தவ ஆர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அன்று மெட்ரோவில் வீட்டுக்கு வந்தேன். என் கணவர் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. களைத்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், நான் கறிச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, ஆற்றையோ செத்தவீட்டைத் தலையிலை தூக்கிக்கொண்டு திரியிறாய்?"

"ஆற்றையோ இல்லையப்பா. அந்த மனிசி பெட்டிக்குள்ளை கிடந்து காத்துக்கொண்டிருக்கிறா."

"செத்தவைக்கு என்ன அவசரம்?"

அவர் நல்லவர், யோசியாமல் சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்கே உறைத்தது. என் அம்மா அதற்கு முந்திய வருடம் இடம்பெயர்ந்த இடத்தில் செத்துப்போனார். தம்பி வேறோர் ஊர்ச் சேமக்காலையில் அவரை அடக்கிவிட்டு, "பேந்து சண்டை நிண்டதும் எங்கடை இடத்துக்குக் கொண்டுபோவம், அக்கா" என்றான். பிறகு அந்த ஊர்ச் சனமும் இடம்பெயர்ந்துவிட்டது. தம்பியின் தொலைபேசி கிடைத்தால் அது ஒரு நல்ல நாள். அம்மாவை ஒருவரும் பார்க்காத இடத்தில் விட்டுவிட்டேன் என்ற வேதனை எனக்கு ஓயவே இல்லை. மொரீனின் வேலையை நான் விடாததற்கு அதுதான் காரணம், வேறு பெரிய கடமையுணர்ச்சி ஒன்றும் இல்லை.

மாசி மாதத்தில் திடீரென்று வெயில் அடித்தது. கூரைகளில் தொங்கிய பனிக்கட்டி சொட்டத் தொடங்கியது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து குளிரைத் திட்டித் தீர்த்தவள் நான். அந்த வருடம் மட்டும், ஆண்டவரே, இன்னும் கொஞ்சம் உறையட்டும் என்று பூசையில் மன்றாடினேன். பக்கத்தில் முழந்தாளில் நின்ற பெண்ணுக்குக் கேட்டிருந்தால் என்னைப் பைத்தியம் என்றிருப்பாள்.

மொரீன் வேலை முடிந்து அடிக்கடி வருவார். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய சூப்பைப் போத்தலில் கொண்டுவந்து மேசையில் வைப்பார். மதாம் அதை முறைத்துப் பார்த்துவிட்டுப் படங்களைத் தூர நகர்த்துவார். ஒருநாள் மொரீன் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏப்ரல் பிறந்தா அம்மாவுக்கு நித்திரை வராது. வாடகை கூடுமோ, எழுப்பிவிடுவாங்களோ எண்டு பெட்டி கட்டத் தொடங்கிடுவா. அவவின்ர அம்மாவும் அப்பிடித்தானாம். அந்தக் காலத்திலை மே முதலாம் திகதி முழு நகரமும் ஒரே நாளிலை வீடு மாறும். எங்கடை ஆக்கள் வருசத்துக்கு ஒரு வீடு."

வீடு மாறும் நாள் பற்றி எனக்குத் தெரியாததா? இப்போது அது யூலையில், நாங்களே இரண்டு தடவை அப்படிக் கட்டில் தூக்கியிருக்கிறோம். ஆனால் அவர் சொன்னபோதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் வீடு எங்கே போனாலும் கோயில் மாறாது. ஊர் ஊராக ஓடித் திரிந்தவர்கள்கூடப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் தூக்கிக்கொண்டு சொந்தக் கோயிலுக்கு வருவார்கள். அதே நினைப்பில் நான் மைக்கேலையும் ஒரே பங்கில் கட்டிப்போட்டுவிட்டேன். வீடு மாறினாலும் ஐரிஷ்காரர் ஐரிஷ் கோயிலுக்குத்தானே போவார்கள் என்று பிரெஞ்சுப் பங்குகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மதாமிடம் ஓடினேன். அவர் எழுந்து, நகரத்தின் பழைய தெரு விலாசப் புத்தகங்களை இறக்கினார். வருடத்துக்கு ஒன்று. அதில் குடும்பத் தலைவரின் பெயரும் தொழிலும் தெருவும் இருக்கும். பொருத்தமான மைக்கேலை, குழியில் குழந்தையை வைத்த வருடத்து விலாசத்திலிருந்து பிடித்துக்கொண்டு முன்னே போனோம். அடுத்த மே மாதம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். அதற்கடுத்த மே இன்னொரு தெரு. அங்கே அண்டைக் கோயில் பிரெஞ்சுக் கோயில்.

"குழந்தை கடும் குளிரில் பிறந்தால் எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள்?" என்று மதாம் கேட்டார்.

"கிட்ட இருக்கிற கோயிலுக்கு."

பச்சைக் குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் செத்துவிடுமோ என்ற பயம் எந்தப் பாஷைக்காரக் கத்தோலிக்கருக்கும் ஒன்றுதான். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்த தாய் அந்தக் குளிரில் தூர அனுப்பியிருக்க மாட்டாள்.

பிரெஞ்சுப் பங்கின் படத்தில் அவள் இருந்தாள். தை மாதம், ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் பிறந்த கேதரின். தகப்பன் மைக்கேல், கூலித் தொழிலாளி. தாய் ஹொனோரா, கன்னிப் பெயரும் அதே. ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் முதல் கேதரினை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய அதே இருவர். நான் அழுதுவிட்டேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மைக்கேலுக்கு இரண்டாவது கேதரின் இருந்தாள். சரி. ஜேம்ஸ் கெரைக் கட்டியவள் இவள்தான் என்று யார் சொன்னது? இதுவும் செத்திருக்கலாம். வேறொரு கேதரின் பிரென்னன் அவரைக் கட்டியிருக்கலாம்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பாஸ்டன் கல் கண்ணுக்கு முன் நின்றது.

கியூபெக்கில் கோயில் பதிவு இரண்டு பிரதி. ஒன்று அரசாங்கத்துக்கு, ஒன்று கோயிலில். நாங்கள் படத்தில் பார்ப்பது அரசாங்கப் பிரதி, எழுதிய வருடத்தோடு மூடப்பட்டது. கோயில் பிரதியில்தான், அந்தப் பிள்ளை பிற்காலத்தில் கலியாணம் கட்டினால் விளிம்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். கேதரின் கட்டியது வேறு சபையில். ஆனாலும் பின்னால் மனம் மாறிக் கத்தோலிக்கக் கோயிலில் ஆசீர் பெற்றிருந்தால் அது பதிந்திருக்கும். ஐலீனுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்திருப்பதால் அப்படி நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம்.

அந்தக் கோயிலோ ஆள் குறைந்து மூடப்படுகிற நிலையில் இருந்தது. பதிவுகளைப் பெட்டிகளில் கட்டிவிட்டோம், வேறிடம் போகப் போகின்றன, உயிர்த்த ஞாயிறு கழியட்டும் என்றார் செயலாளர். நான் தினமும் தொலைபேசி எடுத்தேன். "பொன்ஜூர்" என்ற என் குரலைக் கேட்டதுமே பெருமூச்சு விடுவார். வெளியே நடைபாதையில் தண்ணீர் ஓடியது. பிணவறையைக் காலியாக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மொரீன் சொன்னார். லொங்குய்யில் இருந்த அவருடைய தம்பி, போதும் அக்கா, எங்கையாவது அடக்குவம் என்று சொல்லிவிட்டாராம். மொரீனுக்குக் கண்களுக்குக் கீழே கறுத்துவிட்டது.

கடைசியில் ஒரு காலையில் வரச்சொன்னார்கள். மதாம் தானும் வந்தார், அவர் இப்படி வெளியே வருவது அருமை. வெப்பமூட்டி நிறுத்தப்பட்ட அறையில் பெட்டியை அவிழ்த்து அந்த வருடத்தை எடுத்தோம். நான் பக்கத்தைப் பார்க்கவில்லை, மதாமின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் விரல் விளிம்பில் இறங்கி வந்து நின்றது.

"வாசி" என்றார்.

வேறு மை, வேறு கை. கேதரின், ஜேம்ஸ் கெருடன் செய்த திருமணம் திருச்சபையில் சீராக்கப்பட்டது.

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு பென்சிலை எடுத்தார். எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு, எழுத்தெழுத்தாகத் தானும் ஒருமுறை வாசித்தார். இவ்வளவு காலமும் அந்த மனுஷிக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

அத்தாட்சியில் இருவரும் கையெழுத்திட்டோம். பள்ளிக்கூடச் சமையலறைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது, மறுமுனையில் சட்டி ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

சித்திரைக் கடைசியில் குழி திறந்தார்கள். மலைச்சரிவில் அங்குமிங்கும் அழுக்குப் பனி கிடந்தது. மொரீன், அவர் தம்பி, ஒரு சுவாமியார், நான், மயானத்துத் தொழிலாளர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். பெட்டி இறங்கியது. மொரீன் அழவில்லை, மாதக்கணக்கில் முதல் தடவையாகத் தோள் தளர்ந்து நின்றார். எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை. அழுதது ஐலீனுக்கு மட்டும் அல்ல.

மண் போட்டு முடிந்ததும் தொழிலாளர்களில் ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இனி இதைத் திறக்க ஏலாது. இதோடை நிரம்பியிட்டுது" என்றார்.

நான் திடுக்கிட்டு மொரீனைப் பார்த்தேன். அவர் முகத்தில் மாற்றமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். முதல் நாளே மயானக் கந்தோரிலை சொன்னவை. ஒரு ஆளுக்குத்தான் இடமெண்டு."

"அப்ப நீங்கள்? நாளைக்கு உங்களுக்கு?"

"நானோ?" மொரீன் கையுறையைப் போட்டுக்கொண்டு சிரித்தார். "நான் வாடகைக்கு இருந்து பழகினவள்தானே."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லி, பஸ்ஸைப் பிடிக்க மலையிலிருந்து வேகமாக இறங்கிப் போனார்.